கடிகாரத்தை முடுக்கிய கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அட்டைப் பெட்டிகளும் பாலிதீன் உறைகளும் திருகாணிகளுமாக இறைந்து கிடக்க, நடுவில் என் மருமகப்பிள்ளை சப்பணமிட்டு உட்கார்ந்து புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதாம். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரைத் தூக்கிவருகிற ஜாக்கிரதையோடு அவன் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து வைப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மாமா, இந்த ராமைப் பாருங்க. பெட்டியில 6000ன்னு போட்டிருக்கான். பூட்டினா 4800லதான் ஓடுது. செட்டிங்ஸ்ல ஒண்ணே ஒண்ணை மாத்தினா 6000 வந்துடும். மாத்தட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காளின் குரல் வந்தது.

"உன் மாமாகிட்டேயே கேளுடா. இதெல்லாம் அந்தக் காலத்திலேயே பண்ணினவன் அவன். 300 ஓடின மெஷினை 450ல ஓட வச்சவன்."

அவள் குரலில் பெருமை இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பெருமை அவளிடம் இருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுவது வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். "பார்க்கலாம், முதலில் பூட்டி முடி" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

ஓவர்கிளாக் செய்வது என்று இதற்குப் பெயர். கம்ப்யூட்டருக்குள் ஒரு தாளம் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் மூளையாகிய பிராசசர் ஒரு அடி எடுத்து வைக்கும். வினாடிக்கு இத்தனை தட்டு என்று செய்தவன் குறித்துக் கொடுத்திருப்பான். அந்தக் குறிப்பை மீறித் தாளத்தை முடுக்கிவிடுவதுதான் காரியம். முதல் காலத்தில் பாட வேண்டிய கீர்த்தனையை இரண்டாம் காலத்தில் பாடச் சொல்வதுபோல. நல்ல வித்வானாக இருந்தால் பாடிவிடுவார். செய்தவன் அவரை எதற்காக முதல் காலத்தில் நிறுத்திவைத்தான் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது.

1998-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இன்டெல் கம்பெனி ஒரே சமயத்தில் இரண்டு சரக்குகளைக் கடைக்கு விட்டது. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் 2. மொத்த விலை 669 டாலர். மற்றொன்று செலரான் 300ஏ; 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். அதற்கு முன் அதே வருஷம் வந்த முதல் செலரானில், அவ்வப்போது வேண்டியதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இரண்டாம் நிலைக் கேஷ் என்ற சிறு நினைவகம் இல்லை. ஆகவே ஊரெல்லாம் சிரித்தது. அந்த அவமானத்தைத் துடைக்க 300ஏ-க்கு 128 கிலோபைட் கேஷை அந்தச் சில்லுக்குள்ளேயே வைத்து, சில்லின் முழு வேகத்திலேயே ஓடும்படி செய்தார்கள். பென்டியம் 2-க்கு 512 கிலோபைட் உண்டு. ஆனால் அது தனிச் சில்லுகளில் வெளியே இருந்துகொண்டு பாதி வேகத்தில் ஓடும். இரண்டுமே கால் மைக்ரான் நுணுக்கத்தில் ஆன சரக்கு. ஒரே தறி, ஒரே பாவு. ஒன்றுக்குப் பட்டு என்றும் மற்றதற்குப் பருத்தி என்றும் சீட்டு ஒட்டியதுபோல ஆகிவிட்டது.

செலரான், வெளியே இருக்கும் பாதையின் தாளத்தை நாலரை மடங்காக்கிக்கொள்ளும். பாதை 66, நாலரையால் பெருக்கினால் 300. நாலரை என்பதை யாரும் மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டிவிட்டது. ஆனால் 66 என்பதைப் பூட்டவில்லை. தெருக்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. பாதையை 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450. 149 டாலர் சரக்கு 669 டாலர் சரக்கோடு தோள் உரசி ஓடும். உலகம் முழுவதும் பையன்கள் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

அந்தப் பையன்களில் நானும் ஒருவன். கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். சைதாப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். 1999-ஆம் வருஷக் கடைசியில், அப்பாவின் பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினோம். எனக்காக இல்லை. அக்காள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள். வீட்டிலேயே டி.டி.பி. வேலை எடுத்துச் செய்தால் மாசம் இரண்டாயிரமாவது வரும் என்று கணக்கு. கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் வர ஆரம்பித்தன. பகல் முழுவதும் யந்திரம் அவளுக்கு. இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு.

இரவில் நான் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். குறுந்தகட்டில் இருக்கும் சினிமாப் பாட்டை எம்.பி.3 ஆகச் சுருக்கும் வேலை. ஐந்து நிமிஷப் பாட்டைச் சுருக்க ஏறக்குறைய ஐந்து நிமிஷம் ஆகும். யந்திரம் ஒரு முக்கல் முக்கினால் இந்த வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று பொறுமை இழந்து கிடந்தவனுக்கு இந்த 66, 100 கதை காதில் விழுந்தால் சும்மா இருப்பானா?

செலரானின் அடிப்பக்கத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பட்டைகள் இருக்கும். அதில் பி 21 என்ற ஒன்றுதான், "எனக்கு 66 போதும்" என்று தாய்ப்பலகைக்குச் சொல்லும் வாய். அந்த வாயை அடைத்துவிட்டால், பலகை தானாகவே 100 கொடுக்கும். அடைப்பதற்கு ஒரு துண்டு டேப்போ, ஒரு சொட்டு நகப்பூச்சோ போதும்.

"அக்கா, உன் நகப்பூச்சைக் கொஞ்சம் கொடேன்."

"எதுக்குடா?"

"கம்ப்யூட்டருக்கு."

"ஏண்டா, அதுக்குப் பெண் பார்க்க வராங்களா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். சிவப்பு நிறம். ஊசி முனையால் தொட்டு வைத்தேன். காய்ந்ததும் பூட்டி, ஸ்விட்சைப் போட்டேன். திரையில் 450 என்று வந்தது. அப்பாவைக்கூட எழுப்பிக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கரண்டு பில் ஏறுமா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்கவேண்டிய கேள்விதான். தாளம் ஒன்றரை மடங்கானால் சூடும் அதே கணக்கில் ஏறும். சிலர் சில்லு தள்ளாடுகிறது என்று மின்னழுத்தத்தையும் கூட்டுவார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏறும். 2 வோல்ட்டை 2.2 ஆக்கி வேகத்தையும் ஒன்றரை மடங்காக்கினால் சூடு 1.8 மடங்கு. என் சில்லுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு பெரிய விசிறியை வைத்தேன், நிம்மதியாக ஓடியது. அந்தச் சில்லைப்பற்றி இன்றும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நல்ல வித்வான்.

நான் மறந்தது பின்பாட்டுக்காரரை.

பாதையை 100 ஆக்கினால் பிராசசர் மட்டும் வேகமாக ஓடுவதில்லை. அதே பாதையில் உட்கார்ந்திருக்கும் நினைவகமும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். எங்கள் யந்திரத்தில் இரண்டு ராம் பட்டைகள். ஒன்று வாங்கும்போதே வந்த 32 மெகாபைட், 100-க்கென்றே செய்தது. மற்றொன்றும் 32, ரிச்சி தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் நான் பேரம் பேசி வாங்கி வந்தது. மேலே சீட்டுக்கூட இல்லை. அது 66-க்கு உரிய பழைய பட்டை. 66-இல் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 15 நானோசெகண்டு. 100-இல் 10 நானோசெகண்டு. ஒளியே 10 நானோசெகண்டில் மூன்று மீட்டர்தான் போகும். எங்கள் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை. அதற்குள் கேட்ட கேள்விக்கு விடை கொண்டுவந்து வைக்கவேண்டும். பெரும்பாலும் கொண்டுவந்து வைத்தது. எப்போதாவது ஒரு கம்பியில் விடை வருவதற்குள் தட்டு விழுந்துவிடும். அப்போது கம்பியில் என்ன இருக்கிறதோ அதுவே விடை.

பஜனைக் கோஷ்டியில் பாட்டுத் தெரியாதவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிறுத்தமாட்டார். வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். அவர் வாயை மூடிக்கொண்டால்தானே மற்றவர்களுக்குத் தெரியும்?

யந்திரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இதுதான் சங்கடம். திரை நீலமாகி, "தவறு நேர்ந்துவிட்டது" என்று ஒரு தடவை உட்கார்ந்திருந்தால் நான் அன்றைக்கே நகப்பூச்சைச் சுரண்டி எறிந்திருப்பேன். நான் வைத்த பரீட்சையெல்லாம் இரவு முழுவதும் பாட்டு மாற்றியதுதான். பாட்டில் ஒரு புள்ளி மாறினால் காதுக்கு எங்கே தெரியப்போகிறது?

2000-ஆம் வருஷம் ஏப்ரலில் பொருளாதார ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். எங்கோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். கிராமங்களில் நடவு நடும் பெண்களின் கூலியைப்பற்றிய ஆராய்ச்சி. இங்கிலீஷில் நூற்றெண்பது பக்கம். பக்கத்துக்கு எட்டு ரூபாய். பாதிக்குமேல் அட்டவணைகள். எந்த ஊரில், எந்த மாதத்தில், ஆளுக்கு எத்தனை ரூபாய் என்று அவரே வரப்பில் நின்று விசாரித்து எழுதிய எண்கள். அக்காள் இரண்டு மாதம் அடித்தாள். ஒவ்வொரு அட்டவணையையும் அச்செடுத்து, ஒரு அளவுகோலை வரிவரியாக நகர்த்திச் சரிபார்த்தாள். நடுவில் இரண்டொரு தடவை, எண் இருக்கவேண்டிய இடத்தில் ஈட்டிமுனைபோல ஒரு குறி இருப்பதைக் கண்டு, "கை தவறிப் பட்டிருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இட்டிலி தின்றுகொண்டிருந்தேன்.

சரிபார்த்த பிறகு ஆராய்ச்சி மாணவர் முன்னுரையில் திருத்தம் கொண்டுவருவார். பின் இணைப்பில் ஒரு பாரா கொண்டுவருவார். ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்க வேண்டும். அதாவது நூற்றெண்பது பக்கமும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய பட்டை வழியாக ஏறி இறங்கிற்று. சரிபார்த்து முடித்த பக்கத்தை யார் திரும்பச் சரிபார்ப்பார்கள்?

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் அவர் பைண்டு செய்த பிரதியோடு வந்தார். கோபமாக வரவில்லை. அதுவே பயமாக இருந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு அட்டவணையைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். அடியிலுள்ள மொத்தத்தோடு உதைத்தது. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒப்பிட்டதில் பதினோரு இடங்களில் எண் தப்பு. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

"நானாக் கூலியை ஏத்திக் காட்டிட்டேன்னு அவர் நினைச்சுட்டார்ம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்காள் அந்தப் பிரதியை வாங்கி, ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தாள். அவளுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "நான் பார்த்தேனே சார், அளவுகோல் வச்சுப் பார்த்தேனே" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அதையும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அன்றிரவே திருத்தி அச்செடுத்தாள். வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அந்தத் துறையிலிருந்து வருவதாக இருந்த இரண்டு பேரும் அப்புறம் வரவே இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அப்போது எனக்கும் தெரியாது. அக்காளுக்குக் கண்ணில் கோளாறோ என்று அம்மா சொன்னபோது, இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆகஸ்டில் விண்டோஸ் 98-ஐ மறுபடி நிறுவ வேண்டி வந்தது. பாதியில், கோப்பு பழுது என்றது. வேறு தகட்டைக் கொண்டுவந்தேன். அதுவும் பழுது என்றது. ஆனால் வேறொரு இடத்தில். இரண்டு நல்ல தகடுகள் இரண்டு வேறு இடங்களில் பழுதாக முடியாது. அப்போதுதான் மெம்டெஸ்ட் 86 என்ற பரீட்சையை ஒரு பிளாப்பியில் பிரௌசிங் சென்டரிலிருந்து இறக்கி வந்து ஓட்டினேன். நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும் பரீட்சை. இருபது நிமிஷத்தில் வரிசையாகத் தப்புகள் வந்தன. எல்லாம் 32 மெகாபைட்டுக்கு மேலே. அதாவது ரிச்சி தெருப் பட்டையில். எந்தப் புள்ளி தவறியது என்று கடைசிக் கட்டத்தில் காட்டும். ஒவ்வொரு வரியிலும் அங்கே பூஜ்யங்களும் கோடியில் ஒரு 4-உம் இருந்தன.

அந்த 4-ஐப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு எழுந்துபோய், அக்காள் பின்பக்கத்தில் கணக்கு எழுத வைத்திருந்த பழைய அச்சுத்தாள்களைத் தேடி எடுத்தேன். சிவப்பு வட்டம் போட்ட தாள்களும் அதில் இருந்தன.

கம்ப்யூட்டருக்குள் 1 என்ற எண்ணெழுத்து 00110001 என்று இருக்கும். 5 என்பது 00110101. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி; அந்தப் புள்ளியின் மதிப்பு 4. அதுபோலவே 2-உம் 6-உம், 3-உம் 7-உம், 0-உம் 4-உம். தாளைப் பார்த்தேன். கூலி 31 என்பது 35 ஆகியிருந்தது. 22 என்பது 26. 30 என்பது 34. பதினோரு இடத்திலும் தப்பான எண், சரியான எண்ணைவிடச் சரியாக நாலு கூட. 4, 5, 6, 7 என்ற இலக்கங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஏனென்றால் அவற்றில் அந்தப் புள்ளி ஏற்கனவே இருக்கிறது. 8-இல் அந்தப் புள்ளி ஏறினால் அது எண்ணாகவே இராது, ஈட்டிமுனைக் குறியாகிவிடும். அக்காள் "கை தவறிப் பட்டிருக்கு" என்று திருத்தினாளே, அந்தக் குறி.

பட்டையைக் கழற்றினேன். நகப்பூச்சைத் துடைக்க ஒரு திரவம் இருக்கிறது; அதுவும் அவளுடையதுதான். இந்த முறை கேட்காமல் எடுத்துக்கொண்டேன். காலையில் உட்கார்ந்தவள், "என்னடா, மெதுவா இருக்கு?" என்றாள். பழசாகிவிட்டது என்றேன்.

பிற்காலத்தில் இந்த மாதிரிக் கதைகளை எங்கு கண்டாலும் படித்துவிடுகிறேன். பல்லுக்கு வலியிருந்தால் நாக்கு அங்கேயே போகும் அல்லவா? 2003-ஆம் வருஷம் பெல்ஜியம் தேசத்துத் தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்தது. இருக்கவே முடியாத எண்ணிக்கையாக இருந்ததால் கண்டுபிடித்தார்கள். 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருவது. ஒரு புள்ளி புரண்டிருக்கவேண்டும் என்றுதான் முடிவுகட்டினார்கள். யந்திரத்தை அங்கே யாரும் முடுக்கவில்லை, தானாகவே புரண்டது. 2005-இல் மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் ஒன்று எழுதினார்: விண்டோஸ் நின்றுபோன யந்திரங்களிலிருந்து வந்த குறிப்புகளை ஆராய்ந்தபோது, தவறவே முடியாத கட்டளைகளில் யந்திரம் தவறியிருந்ததாம். விசாரித்தால் பல பேர் ஓவர்கிளாக் செய்தவர்கள். சிலருக்குத் தங்கள் யந்திரம் முடுக்கப்பட்டது என்றே தெரியாது. விற்ற கடைக்காரர் முடுக்கிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சிலரைப்பற்றிப் படித்தபோது எனக்கு அக்காள் ஞாபகம் வந்தது.

ஓவர்கிளாக்கே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. 2008-லிருந்து இன்டெல்லே, சூடு இடம் கொடுத்தால் தானாகவே ஏறி ஓடுகிற ஏற்பாட்டைச் சில்லுக்குள் வைத்துவிட்டது. என் மருமகப்பிள்ளையின் ராமில் இருக்கும் 6000-உம் செய்தவனே சோதித்து எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் அது ராம் செய்தவன் சொல்வது. பிராசசர் செய்தவன் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. இந்தக் காலத்து டிடிஆர் 5 ராம் தனக்குள் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்றும் அவன் எனக்குப் பாடம் சொன்னான். வாஸ்தவம். சில்லுக்குள் திருத்திக்கொள்ளும். சில்லிலிருந்து பிராசசர்வரை வருகிற வழியில் தவறினால் திருத்தாது. அதற்கு வேறு ஜாதி ராம் இருக்கிறது, சர்வர்களுக்குப் போடுவது. வீட்டுக்கு யாரும் வாங்குவதில்லை.

அவன் பூட்டி முடித்து, 6000-க்கு மாற்றினான். அதே மெம்டெஸ்ட்டின் இந்தக் காலத்துப் பதிப்பை ஓட்டச் சொன்னேன். அவன் அதைத் தொடங்கியதும் நான் சமையலறைக்குப் போனேன்.

அக்காள் அப்புறம் அட்டவணை வேலையே எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை மட்டும் அடித்தாள். அதிலும் தேதியையும் முகூர்த்த நேரத்தையும் அம்மாவை உரக்கப் படிக்கச் சொல்லி மூன்று தடவை சரிபார்ப்பாள். இரண்டு வருஷத்தில் அந்த வேலையையும் விட்டுவிட்டாள். அதற்குக் கல்யாணம், குழந்தை என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொள்வதிலும் ஒரு ஜம்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நகப்பூச்சு, பட்டை, நாலு என்ற எண், துடைத்த திரவம் எல்லாம். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. குழாயை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டாள்.

"பதினோரு இடம்" என்றாள் கடைசியில். "அதிலே ஏழு, நாற்பத்திரெண்டாம் பக்கத்திலே."

"ஆமாம்."

"அப்போ ஒரு கண் டாக்டர்கிட்டே போனேன். உங்க யார்கிட்டேயும் சொல்லலே. பார்வை நல்லா இருக்கும்மான்னார். நான்தான் நம்பலே." கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த சார் இப்போ எங்கே இருக்காரோ?"

எனக்குத் தெரியவில்லை.

கூடத்திலிருந்து பையன் குரல் கொடுத்தான். "மாமா, ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு பிழைகூட வரலே. நிறுத்திடட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை.

"நிறுத்தாதேடா. ராத்திரி முழுக்க ஓடட்டும்" என்றாள் அக்காள்.